பம்பளிமாஸ் தோலும் தண்ணீர்க் கணக்கும்

"அந்தக் காலத்துப் பெண்கள் எதையும் வீணாக்க மாட்டார்கள்" என்று யாராவது பெருமையாகத் தொடங்கினால் என் மனம் முரண்டு பிடிக்கிறது. சொல்வது பொய் என்பதால் இல்லை. சொல்லும் விதத்தில்தான் எனக்குத் தகராறு. ஹாங்காங்கில் இந்தப் பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. பழைய சிக்கனச் சமையலை மீட்டெடுக்கிறோம் என்று உணவகங்கள் மெனு அச்சடிக்கின்றன. பன்றிக்கொழுப்பும் சோயா சாறும் விட்டுப் பிசைந்த சோற்றைத் தொலைக்காட்சியில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கிறார். பேரப்பிள்ளைகள் பாட்டிமாரின் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எடுத்து முடித்த குறிப்பை வாசித்தால் அதில் பண்டம் இருக்கிறது, அளவு இருக்கிறது. எந்த அடுப்பு, எவ்வளவு தண்ணீர், யாருடைய கை என்பது மட்டும் இல்லை. இது வெகுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஏன் உறுத்துகிறது என்று தெளிவாகச் சொல்ல முடிந்தது ஒரு பம்பளிமாஸ் பழத்தின் தோலால்.

நான் வசிப்பது ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ பகுதியில். எதிர் வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். இங்கே வயதான பெண்களைப் 'போ போ' என்று அழைப்பார்கள். நானும் அப்படித்தான் அழைக்கிறேன். அவருக்கு நான் 'ஆ மூய்', தங்கச்சி. இங்கே பேசும் சீன மொழியான கான்டனீஸில் எனக்குத் தெரிந்த சமையல் சொற்களில் பெரும்பாலானவை அவருடைய அடுப்படி வாசலில் நின்று கேட்டவை.

சோறும் சுங்கும்

அந்த அடுப்படி முழுவதும் இரண்டு சொற்களில் அடங்கிவிடும். 'ஃபான்' என்றால் சோறு. சோற்றைத் தவிர மேசையில் இருக்கும் மீன், கீரை, முட்டை, இறைச்சி அத்தனையும் 'சுங்'. காலையில் சந்தைக்குக் கிளம்புகிறவர் காய் வாங்கப் போகிறேன் என்று சொல்வதில்லை, சுங் வாங்கப் போகிறேன் என்பார். எங்கள் தெற்குச் சீமையில் வெஞ்சனம் என்கிறோமே, அதேதான். சோறு இருந்தால் அது சாப்பாடு, மற்றதெல்லாம் அதை உள்ளே இறக்குவதற்கான துணை. போ போ ஒரு பதார்த்தத்துக்குக் கொடுக்கும் உச்சப் பாராட்டு 'ஹோ சுங் ஃபான்', அதாவது சோற்றை நன்றாக இறக்குகிறது. ஒரு துண்டுக்கு எத்தனை வாய்ச் சோறு போகும் என்பதுதான் அவருடைய அளவுகோல்.

அந்த அளவுகோலில் முதலிடம் 'ஹாம் யூ'வுக்கு. நம் கருவாடு. தூத்துக்குடியில் பிறந்த எனக்கு இங்குள்ள கருவாட்டுக் கடையில் எல்லாமே சொந்தம்போலத்தான் தெரிந்தது. நாம் காலா என்கிற மீனின் இனத்தை இவர்கள் 'மா யௌ' என்கிறார்கள். கருவாட்டில் மதிப்புக் கூடியது அது. உப்புப் போடுவதற்கு முன் மீனைச் சற்றே புளிக்க விட்டுவிட்டால் சதை குழைந்து மணம் தூக்கலாக இருக்கும், அது 'மூய் ஹோங்'. பிடித்தவுடன் உப்பில் இட்டால் சதை இறுகி நிற்கும், அது 'சாத் யூக்'. போ போ வாங்குவது மூய் ஹோங்தான். கட்டைவிரல் அளவு ஒரு துண்டு போதும். கொத்திய பன்றி இறைச்சியைத் தட்டில் வட்டமாகத் தட்டி, நடுவில் அந்தத் துண்டை வைத்து, இஞ்சியை நூல் நூலாக அரிந்து தூவி ஆவியில் வைப்பார். வெந்ததும் தட்டின் ஓரத்தில் உப்பும் கொழுப்புமாகச் சாறு தேங்கி நிற்கும். குடும்பம் பெரிதாக இருந்த நாளில் இறைச்சி பெரியவர்களுக்கு, சாறு பிள்ளைகளின் சோற்றுக்கு. கருவாட்டுத் துண்டு அநேகமாக அப்படியே தங்கி, மறுநாள் தோஃபுவோடு சேர்ந்து மறுபடி ஒரு சுங் ஆகும். புளிக்கவைத்த தோஃபுவான 'ஃபூ யூ'வும் இதே சாதி. ஒரு சிறு கட்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக் குச்சியின் முனையால் தொட்டுத் தொட்டே கஞ்சி முழுவதையும் குடித்துவிடலாம்.

சிக்கனத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் 'ஹான்'. காசை ஹான் செய்யலாம், தண்ணீரை, மின்சாரத்தை, உடம்பின் சக்தியை, நேரத்தையும் ஹான் செய்யலாம். கஞ்சத்தனத்துக்கு வேறு சொல் இருக்கிறது, 'கூ ஹோன்'. வீட்டுக்காகப் பிடித்து வைப்பவள் ஹான். விருந்தாளி வந்த பிறகும் பிடித்து வைப்பவள் கூ ஹோன். போ போ ஒருபோதும் கூ ஹோன் இல்லை. யாராவது சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டால், இன்னொரு ஜோடி குச்சி வைத்தால் ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கிப் போய் வாட்டிய வாத்தில் ஒரு பங்கு வெட்டி வாங்கிவருவார்.

ஒற்றை அடுப்பு

1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்து ஏறக்குறைய 53,000 பேர் வீடிழந்தார்கள். அரசு அவசரமாக எழுப்பிய அடுக்குமாடிகளில் ஒன்றில்தான் போ போ மணமாகி வந்து குடியேறினார். அந்த முதல் தலைமுறைக் கட்டடங்களில் அறைக்குள் சமையலறையும் இல்லை, குழாயும் இல்லை. குழாய், கழிப்பறை எல்லாம் பொது. அறைக் கதவுக்கு வெளியே, திறந்த நடைபாதையில் வரிசையாக மண்ணெண்ணெய் அடுப்புகள். 41ஆம் எண் கட்டடத்தை மட்டும் இடிக்காமல் வைத்து, மெய் ஹோ ஹவுஸ் என்ற பெயரில் விடுதியும் அருங்காட்சியகமும் ஆக்கியிருக்கிறார்கள். கான்டனீஸ் வீட்டுச் சமையலில் ஏன் இத்தனை ஆவிப் பதார்த்தங்கள் என்ற கேள்வி எனக்கு முன்பு இருந்தது. உடம்புக்கு நல்லது, எண்ணெய் குறைவு, மீனின் இயல்பான ருசி என்று பலரும் பல விளக்கம் சொல்வார்கள். போ போ சொன்னது ஒரே வரி: அடுப்பு ஒன்றுதான் இருந்தது.

சோற்றுப் பானையில் தண்ணீர் வற்றி, அரிசியின் மேற்பரப்பில் குழி குழியாகத் தெரியும் நேரத்தைச் 'சௌ சோய்' என்பார்கள். சோறு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் பதம். அந்தக் கணத்தில் மூடியைத் திறந்து, சுங் தட்டைச் சோற்றின் மேலேயே வைத்து மூடிவிட வேண்டும். முன்னால் வைத்தால் தட்டு நீரில் ஆடும். தாமதித்தால் ஆவி போதாது. சோறு புழுங்கி முடியும்போது சுங்கும் வெந்திருக்கும். ஒரு தீ, இரண்டு வேலை. பானையின் அடியில் பிடித்த காந்தலுக்கு 'ஃபான் ஜியு' என்று பெயர். அதில் வெந்நீர் ஊற்றிக் கிளறிக் குடித்தால் சாப்பாடு நிறைவடையும், பானையும் பாதி கழுவியதாகிவிடும்.

இந்த முறையில் நான் மனதார வியப்பது 'ஜிங் சோய் தான்', தண்ணீர் முட்டை. முட்டையை உடைத்துவிட்டு, அதன் ஓட்டின் பாதியைக் கையில் வைத்துக்கொள்கிறார் போ போ. ஒரு முட்டைக்கு, கொதித்து ஆறிய தண்ணீர் அந்த ஓட்டால் மூன்று முறை. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் முட்டைக்குள் கொப்புளம் விழும் என்பார். அடித்துக் கலக்கி, மேலே மிதக்கும் நுரையை ஒரு காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து, ஆவித் துளி சொட்டாமல் மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, தீயைத் தாழ்த்தி வைப்பார். தீ கூடினால் தேன்கூடுபோல் ஓட்டை விழுந்துவிடும். சரியாக வந்தால் முகம் பார்க்கலாம், அவ்வளவு வழுவழுப்பு. மேலே சோயா சாறு, ஒரு கரண்டி காய்ந்த எண்ணெய், நறுக்கிய வெங்காயத்தாள். அந்த வெங்காயத்தாளும் காசு கொடுத்து வாங்கியது இல்லை. கீரைக்காரர் கொசுறாகப் போட்டது. இரண்டு முட்டை நான்கு பேருக்குச் சுங் ஆகிறது. இதைச் செய்வதற்கு வறுமை மட்டும் போதாது, நல்ல கை வேண்டும்.

எந்த நேரமும் சூப் கொதிக்கும் வீடு என்றுதான் கான்டனீஸ் வீட்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். மூன்று மணி நேரம் எரிய வேண்டிய சூப்பை மண்ணெண்ணெய் அடுப்புக்காரர்கள் நினைத்தபோதெல்லாம் வைத்துவிடவில்லை என்கிறார் போ போ. வைத்த நாளில் சூப்பின் அடியில் தங்கும் எலும்பு, கேரட், கிழங்கு எதையும் கொட்டவில்லை. அந்தச் சக்கைக்குத் 'தோங் ஜா' என்று பெயர். சோயா சாற்றில் தொட்டால் அதுவும் ஒரு சுங். கொழுப்பை உருக்கிய பிறகு சட்டியில் மிஞ்சும் மொறுமொறுப்பான திப்பிக்கு 'ஜூ யௌ ஜா'. அதைக் கீரையோடு வதக்குவார்கள். மீந்துபோன முந்தைய நாள் பதார்த்தம் 'காக் யே சுங்', இரவைக் கடந்த சுங். ஆரஞ்சுத் தோலைக் காயவைத்துப் பல வருடம் வைத்திருந்தால் 'ச்சன் பெய்'. அதில் சுன்ஹுய் என்ற ஊரின் தோல்தான் பேர்போனது, பழமை ஏற ஏற விலையும் ஏறும். ஒன்றைத் தூக்கி எறியாமல் இருக்க வேண்டுமானால் முதலில் அதற்குப் பெயர் வைத்துவிட வேண்டும் என்பதுபோல் இருக்கிறது இந்த அடுப்படி.

தோல்

'யௌ பெய்' என்றால் பம்பளிமாஸ் தோல். சீன நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமிப் பண்டிகையை ஒட்டிச் சந்தையில் பம்பளிமாஸ் குவியும். பழத்தைத் தின்றபின் மிஞ்சும் தடித்த வெள்ளைத் தோல்தான் இந்தச் சமையலுக்கு. வெளியே உள்ள பச்சைப் படலத்தைத் தீயில் வாட்டிச் சுரண்ட வேண்டும். பிறகு கொதிநீரில் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் ஊறவைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பிழிய வேண்டும். மஞ்சளாக ஒரு நீர் இறங்கும், அதுதான் கசப்பு. தண்ணீரை மாற்றி மறுபடி ஊறல், மறுபடி பிழிதல். இரண்டு மூன்று நாள் இப்படிப் போகும். அழுத்திப் பிழிந்தால் தோல் கிழிந்து நார் நாராகும். மெல்லப் பிழிந்தால் கசப்பு தங்கும். கசப்பு போனபின் அந்தத் தோலுக்கு எந்த ருசியும் கிடையாது, எதை ஊற்றினாலும் குடிக்கும். மீன் எலும்பை வறுத்துக் காய்ச்சிய சாறு, பன்றிக்கொழுப்பு, மேலே உலர்ந்த இறால் முட்டைத் தூள் என்று நிதானமாக வேகவைத்தால், வாயில் வைத்ததும் கரையும் ஒரு பண்டம் வரும். எறிய வேண்டிய தோலாக இருந்தது இன்று பெரிய உணவகங்களில் நல்ல விலைக்குப் போகிறது. சிக்கன உணவைப் புகழ்கிற எந்தக் கட்டுரையிலும் யௌ பெய் இல்லாமல் இருக்காது.

ஒரு பண்டிகை வாரத்தில், எனக்குச் செய்து காட்டுவதற்காகப் போ போ தோலை ஊறவைத்திருந்தார். அவருடைய மகள் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அலுவலக வேலை. பாத்திரத்தைப் பார்த்ததும் "அம்மா, ம் டை!" என்றார். 'டை' என்றால் கொடுத்ததற்குத் தகும் என்று பொருள். சந்தையில் நிமிடத்துக்கொரு தரம் காதில் விழும் சொல். 'ம் டை', கட்டுப்படி ஆகாது. "மூன்று நாள் குனிந்து நிமிர்ந்து ஒரு தட்டுத் தோல். உன் இடுப்பு வலிக்கு வைத்தியரிடம் கொடுப்பது எவ்வளவு? இதில் நீ எதை ஹான் செய்தாய்?"

தொலைக்காட்சிப் பாட்டிகளைப்போலப் போ போவும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அருமை தெரியாது என்பார் என்று நான் காத்திருந்தேன். அவரோ பிழிவதை நிறுத்தாமல், "தோலை எல்லா வருடமும் எடுத்து வைத்தோம் என்று உனக்கு யார் சொன்னது? ஜை சோய் வருடம் தூக்கித்தான் போட்டோம்" என்றார்.

'ஜை சோய்' தண்ணீர்க் கட்டுப்பாடு. 1963இல் மழை பொய்த்து, ஜூன் மாதத்திலிருந்து நான்கு நாளைக்கு ஒரு முறை, அதுவும் நான்கு மணி நேரம் மட்டுமே ஹாங்காங்கில் குழாயில் தண்ணீர் வந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் அப்படிப் போயிற்று. பழைய தனியார் கட்டடங்களில் மேல்மாடிக்காரர்கள் ஜன்னலைத் திறந்து "கீழ்வீட்டுக்காரரே, குழாயை மூடுங்கள்!" என்று கத்துவார்கள், கீழே மூடினால்தான் மேலே ஏறும். அந்தக் கூவல் இன்றும் எல்லோருக்கும் தெரிந்த வாசகம். போ போ பொதுக்குழாயில் தகர டின்களோடு வரிசையில் நின்றார். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அரிசி களைந்த நீரில் கீரையைக் கழுவி, கீரை கழுவிய நீரில் தரையைத் துடைத்து, தரை துடைத்த நீரைக் கழிப்பறைக்குக் கொண்டுபோனார்கள். மண் பிடித்த கீரை மலிவாகக் கிடைத்தாலும் வாங்கவில்லை, அலச நீர் இல்லை. தோல் சீவினால் போதும் என்று பூசணி இனத்து 'ஜித் க்வா' போன்ற காய்களை வாங்கினார்கள். அந்த வருடப் பௌர்ணமிக்குத் தின்ற பழத்தின் தோல் நேரே குப்பைக்குப் போயிற்று. ஒரு தோலின் கசப்பை எடுக்கும் தண்ணீரில் ஒரு குடும்பம் ஒரு நாள் சமைத்துவிடலாம். ஹாங்காங்கை ஒட்டிய சீன மாகாணமான குவாங்டாங்கின் கிழக்கு ஆற்று நீர் குழாய் வழியாக வரத் தொடங்கியது 1965 மார்ச்சில். யௌ பெய் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது அதன் பிறகுதான்.

மகள் அதோடு விடவில்லை. "தண்ணீர் வந்த பிறகு பிழிந்தது யார்? நான்தானே. எட்டு வயதில், விரல் மரத்துப்போக." போ போ தலையாட்டினார். "ஆமாம். உன் கை சின்னது, தோல் கிழியாது. நான் பூக் கட்டிக்கொண்டிருந்தேன்." அந்த நாளில் வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் பூ இதழ்களை மூட்டையாக வாங்கி வந்து, கோத்துக் கொடுத்து எண்ணிக்கைக்குக் கூலி பெறுவார்கள். தாயின் விரலுக்குக் கூலி உண்டு, மகளின் விரலுக்குக் கிடையாது. ஆகவே தோல் மகளிடம் போயிற்று. இருவரும் இதைச் சண்டையாகப் பேசவில்லை. ஒரு பழைய கணக்கின் இரண்டு பக்கங்களை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்தியது என்னவென்று அப்போதுதான் பிடிபட்டது. நாம் பதார்த்தங்களைச் சிக்கனமானவை என்று பட்டியல் போடுகிறோம். பதார்த்தம் எதுவும் தன்னளவில் சிக்கனமானது கிடையாது. எது அரிது, எது மலிவு என்ற அன்றைய நிலவரத்துக்குத்தான் ஒருத்தி கணக்குப் போட்டாள். அடுப்பு ஒன்றானால் ஆவி, தண்ணீர் அரிதானால் தோல் குப்பைக்கு, கூலி கிடைத்தால் பிள்ளையின் கை. இந்தக் கணக்கை விட்டுவிட்டு விடையை மட்டும் சட்டம் போட்டு மாட்டுவதில், அவர்களுடைய அறிவையும் மறைக்கிறோம், அவர்கள் கொடுத்த விலையையும் மறைக்கிறோம்.

அந்த விலையில் நோயும் உண்டு. சீன முறையில் உப்பிட்ட மீனைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 1993இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதியில் வரும் புற்றுநோயைக் 'குவாங்டாங் புற்று' என்றே சொல்லும் வழக்கம் உண்டு. சிறு பிள்ளைகளாக இருக்கும்போதே கருவாட்டுச் சோறு ஊட்டி வளர்த்த குடும்பங்களில் அந்த அபாயம் கூடுதல் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹோ சுங் ஃபான் என்ற பாராட்டை எழுதுகிற கை இதையும் எழுதத்தான் வேண்டும். போ போ பேரப்பிள்ளைகளுக்குக் கருவாட்டைக் கொடுப்பதில்லை. தான் மட்டும் எப்போதாவது தொட்டுக்கொள்கிறார்.

அரசும் சிக்கனம் பேசுகிறது. வீணடிப்பதற்குச் 'சாய்' என்று பெயர். கிண்ணத்தில் ஒரு பருக்கை விட்டாலும், அம்மைத் தழும்பு முகத்தோடுதான் மணத்துணை அமையும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்திய காலம் போய், 2013இல் அரசு 'டாய் சாய் க்வாய்' என்ற பெரும் வீணடிப்புப் பேயைச் சின்னமாக்கி, உணவை வீணாக்காதீர்கள் என்று ஓர் இயக்கம் தொடங்கியது. இந்த நகரத்தின் குப்பை மேடுகளுக்கு நாள்தோறும் ஏறக்குறைய 3,000 டன் உணவு போகிறது. பேயின் படத்தைப் பார்த்துப் போ போ சொன்னது: "ஒரு ஆளுக்குக் கீரை வாங்கினாலும் கட்டாகத்தான் கிடைக்கிறது. பாதி வாடித்தான் போகும்."

அவர் இப்போது தனியாக இருக்கிறார். கொரோனா காலத்தில் தெருவுக்குத் தெரு 'லியோங் சுங் ஃபான்' கடைகள் முளைத்தன: கண்ணாடிக்குப் பின்னால் தட்டு தட்டாகப் பதார்த்தம், விரலால் இரண்டைச் சுட்டிக்காட்டினால் சோற்றோடு பெட்டியில் அடைத்துத் தருவார்கள். பழைய வீட்டுச் சமையலின் சாவு இது என்று வருந்துகிறவர்கள் உண்டு. போ போவுக்கு அந்த வருத்தம் துளியும் இல்லை. வாரத்தில் பல நாள் மாலை அங்கேதான் வாங்குகிறார். கீரை, மீன், எண்ணெய், எரிவாயு என்று விரல் விட்டு எண்ணிக் காட்டி, ஓர் ஆள் சமைத்தால் இந்த விலைக்கு வராது, டை, என்கிறார். கடைக்காரர் சோற்றை அள்ளும்போது சாறு இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிக் கேட்பார். சோறு பாதி அன்றைக்கு, மீதி மறுநாளைக்கு. அந்தச் சாறு தோஃபுவுக்கு.